உறை சாது, உள்ளே இருக்கும் கடிதம் பொல்லாதது!

வைரஸ் என்னும் கிருமிக்கு வாய் கிடையாது; வயிறு கிடையாது. அது சாப்பிடுவதில்லை; மூச்சு விடுவதில்லை.

ஆனால், ஊரையே படுக்கையில் தள்ளிவிடும். உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்துவிடும். 2020ம் ஆண்டில் எல்லோரும் அதைக் கண்ணால் கண்டார்கள்.

இத்தனை வலிமை அதற்கு எங்கிருந்து வந்தது?

வைரசுக்குள்ளே ஒரு கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதம்தான் அதன் பலம்!

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது? அதைப் படிப்பது யார்? இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விவரம், துப்பறியும் கதையைப் போல இருக்கும். கதை ஒரு புகையிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது.

திட்டு விழுந்த இலை

ஹாலந்து நாட்டில் புகையிலை பயிரிட்ட விவசாயிகளுக்கு 19ம் நூற்றாண்டில் ஒரு தொல்லை ஏற்பட்டது. இலைகளில் வெளிர் பச்சையும் கரும் பச்சையுமாகத் திட்டுகள் விழுந்தன. செடி வளராமல் குன்றிப்போயிற்று.

அடால்ப் மேயர் என்ற விஞ்ஞானி, நோய் கண்ட இலையை அரைத்துச் சாறு எடுத்தார். அந்தச் சாற்றை நல்ல செடியில் ஏற்றினார். நல்ல செடிக்கும் நோய் வந்துவிட்டது. 1886ம் ஆண்டில் இதை அவர் வெளியிட்டார். "மொசைக் நோய்" என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

1892ம் ஆண்டில், ருஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி அந்தச் சாற்றை மிகவும் நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் ஊற்றி வடிகட்டினார். பாக்டீரியா என்னும் கிருமிகள் அந்த வடிகட்டியில் தங்கிவிடும். ஆகவே, கீழே இறங்கிய சாறு சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால், அந்தச் சாறும் நோயைக் கொடுத்தது!

1898ல் ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜரிங்க் இதே சோதனையைச் செய்தார். "இது பாக்டீரியா அல்ல, புது மாதிரியான ஒன்று" என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு "வைரஸ்" என்ற சொல்லை வழங்கினார். லத்தீன் மொழியில் அதற்கு "விஷம்" என்று பொருள்.

சீசாவில் அடைத்த நோய்

பிறகு பல ஆண்டுகள் வைரசை யாரும் பார்க்கவில்லை. அது அவ்வளவு சிறியது. இன்புளூயன்சா வைரஸ்களை ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையில் வைத்தால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 10,000 வைரஸ்கள் தேவை!

1935ம் ஆண்டில் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி என்பவர், நோய் கண்ட புகையிலைச் செடிகளை மலைபோல் குவித்துச் சாறு எடுத்தார். அதைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார். கடைசியில் மிஞ்சியது, கொஞ்சம் வெள்ளைப் பொடி. அவ்வளவுதான்! நுண்ணோக்கியில் பார்த்தால், அத்தனையும் ஊசி ஊசியான படிகங்கள்.

உப்பைச் சீசாவில் போட்டு வைப்பது போல, அதைப் போட்டு வைக்கலாம். அப்படியே கிடக்கும். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து இலையில் தேய்த்தால், செடிக்கு நோய் வந்துவிடும்!

இது உயிரா, உப்பா? உலகம் வியந்தது. 1946ல் ஸ்டான்லிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பொடியில் இரண்டு பொருள்கள் இருப்பதாக இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள். 100 பங்கில் 95 பங்கு புரதம். மீதி 5 பங்கு, ஆர்.என்.ஏ. என்ற பொருள்.

நோயைக் கொடுப்பது இவற்றில் எது? பெரும்பாலோர் புரதத்தின் மீதுதான் சந்தேகப்பட்டார்கள்.

உறை மாற்றிய விஞ்ஞானி

இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் பிராங்கல் கான்ராட். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். கலிபோர்னியாவில் வைரஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தார்.

புகையிலை வைரசில் பல ரகங்கள் உண்டு. அவர் இரண்டு ரகங்களை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தனித்தனியே பிரித்தார். பிறகு, முதல் ரகத்தின் ஆர்.என்.ஏ.யை இரண்டாவது ரகத்தின் புரதத்தோடு சேர்த்தார். ராமசாமி எழுதிய கடிதத்தைக் கோவிந்தசாமியின் உறைக்குள் போட்டது போல!

அந்தக் கலப்பு வைரசை இலையில் தேய்த்தார். வைரஸ் பெருகியது. பிறந்த குட்டிகள் யாரைப் போல இருந்தன?

எல்லாம் முதல் ரகத்தைப் போலவே இருந்தன. உறை கொடுத்த இரண்டாவது ரகத்தின் அடையாளமே இல்லை! 1957ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஜெர்மனியில் கீரர், ஷிராம் என்ற இருவர், உறை இல்லாத வெறும் ஆர்.என்.ஏ.யே நோயைக் கொடுக்கிறது என்று காட்டியிருந்தார்கள்.

புரதம் வெறும் உறை. ஆர்.என்.ஏ.தான் கடிதம். உறை சாது, கடிதம் பொல்லாதது!

மாடலைப் பார்க்காமல் மறைந்தவர்

உறைக்குள்ளே கடிதம் எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது? இதைக் கண்டுபிடிப்பதில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண். லண்டனைச் சேர்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளின்.

எக்ஸ்ரே கதிர்களை வைரசின் மீது செலுத்தி, அவை சிதறும் விதத்தைப் படம் பிடித்து, உள் அமைப்பைக் கணக்கிட்டார். புகையிலை வைரஸ் ஒரு நீளமான குழாய். 2,130 புரதத் துண்டுகள் சுருள் படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருக்கின்றன. பூச்சரத்துக்குள் நார் ஓடுவது போல, புரதங்களுக்கு ஊடே ஆர்.என்.ஏ. இழை சுற்றிச் சுற்றிப் போகிறது.

1958ம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே வைப்பதற்காக இந்த வைரசின் பெரிய மாடலை அவர் தயாரித்தார். ஏப்ரல் 17ந் தேதி கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாள், புற்றுநோயால் அவர் இறந்துபோனார். வயது 37.

நாலே எழுத்து!

தமிழில் 247 எழுத்துக்கள். வைரசின் கடிதத்தில் இருப்பவை நாலே எழுத்துக்கள்! நாலு விதமான ரசாயனப் பொருள்கள்தான் அந்த எழுத்துக்கள்.

புகையிலை வைரசின் கடிதம் முழுவதும் சுமார் 6,400 எழுத்துக்கள். மனிதனின் கடிதத்தில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. 6,400 எழுத்துக் கடிதம், 300 கோடி எழுத்துப் புத்தகம் உடைய மனிதனின் சுருட்டுக்கு வந்த செடியையே சாய்த்துவிடுகிறது!

இந்த எழுத்துக்களை மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று எழுத்து, ஒரு சொல். நாலு எழுத்துக்களை மும்மூன்றாகச் சேர்த்தால் மொத்தம் 64 சொற்கள் கிடைக்கும். ஒவ்வொரு சொல்லும், "இந்த அமினோ அமிலத்தைச் சேர்" என்று ஒரு உத்தரவு. அமினோ அமிலங்களைக் கோர்த்தால் அதுதான் புரதம். மூன்று சொற்களுக்கு மட்டும், "நிறுத்து" என்று பொருள்.

இந்த அகராதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்த ஹர்கோவிந்த் கொரானா. பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் 1922ம் ஆண்டில் பிறந்தவர். (இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது.) சுமார் 100 பேர் வசித்த அந்தக் கிராமத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவர் குடும்பம் ஒன்றுதான். தகப்பனார் கிராமக் கணக்கு எழுதியவர். ஏழ்மையிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

எழுத்தறியாத கிராமத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளை, உயிர்களின் எழுத்தையே படித்தார்! 1968ல் நிரன்பர்க், ஹாலி ஆகிய இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

கல்யாண வீட்டுச் சமையல்

கடிதம் இருந்தால் போதுமா? படிக்க ஆள் வேண்டுமே!

வைரசிடம் அந்த ஆள் இல்லை. அதனால்தான் அது பிறர் வீட்டுக்குள் நுழைகிறது.

நமது உடம்பும், செடி கொடிகளும் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வொரு உயிரணுவும் ஒரு கல்யாண வீட்டுச் சமையல் கூடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் தமது மூலப் புத்தகத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதுதான் டி.என்.ஏ. தேவையான பக்கத்தை மட்டும் கணக்குப்பிள்ளை ஒரு சீட்டில் நகல் எழுதிச் சமையல் கூடத்துக்கு அனுப்புகிறார். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டைப் படித்துப் படித்து, சமையற்காரர் புரதங்களைச் செய்து இறக்குகிறார். அந்தச் சமையற்காரருக்கு "ரைபோசோம்" என்று பெயர்.

சமையற்காரரிடம் ஒரு குணம். சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்வார். சீட்டை எழுதியது யார் என்று கேட்கமாட்டார்!

அந்தக் குணத்தைத்தான் வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது.

விவசாயியின் கை பட்டோ, இலையோடு இலை உரசியோ புகையிலை இலையில் ஒரு சின்னக் காயம் ஏற்படுகிறது. அதன் வழியாக வைரஸ் உள்ளே போகிறது. உறை கழல்கிறது. கடிதத்தைச் சமையற்காரர் படிக்கத் தொடங்குகிறார்.

அவர் முதலில் செய்து கொடுப்பது, வைரசின் கடிதத்தை நகல் எடுக்கும் புரதம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கடிதத்தின் நடுவே ஒரு "நிறுத்து" சொல் வருகிறது. பெரும்பாலும் சமையற்காரர் அங்கே நிறுத்திவிடுவார். எப்போதாவது ஒரு தடவை, கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார். நிறுத்தினால் ஒரு புரதம். தாண்டினால் அதைவிட நீளமான இன்னொரு புரதம். நன்றாக நகல் எடுக்க இரண்டும் வேண்டும்! ஒரே வரியில் இரண்டு உத்தரவு.

அடுத்து, பக்கத்து உயிரணுவுக்கு வழி திறக்கும் புரதம். கடைசியில், உறைக்கு வேண்டிய புரதம். கடிதங்களும் உறைகளும் குவிந்ததும், தாமாகவே ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்கின்றன. புது வைரஸ்கள் தயார்!

பெனிசிலின் போன்ற மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யாததற்குக் காரணமும் இதுதான். பாக்டீரியாவுக்குச் சொந்தச் சமையல் கூடம் உண்டு. சொந்தச் சுவர் உண்டு. மருந்து அவற்றைத் தாக்கும். வைரசுக்கு இரண்டும் கிடையாது. வைரசால் வந்த ஜலதோஷத்துக்கு டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுவது வீண்.

கிருமியின் சிலேடை

"பலகை" என்று எழுதினால் மரப் பலகை. அதையே "பல கை" என்று பிரித்தால் பொருள் வேறு. தமிழ்ப் புலவர்கள் இதைச் சிலேடை என்பார்கள்.

வைரசும் சிலேடை எழுதுகிறது! பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு சின்னஞ்சிறு வைரசின் கடிதத்தை, இங்கிலாந்து விஞ்ஞானி பிரடரிக் சாங்கரும் அவரது குழுவினரும் 1977ம் ஆண்டில் முழுவதும் படித்தார்கள். 5,386 எழுத்துக்கள்.

அதில், ஒரு இடத்திலிருந்து மும்மூன்றாகப் படித்தால் ஒரு புரதம் வருகிறது. ஒரு எழுத்துத் தள்ளிப் படித்தால், அதே எழுத்துக்களில் வேறொரு புரதம் வருகிறது! உறை சிறியது, இடம் போதாது. ஆகவே, ஒரே வரியில் இரண்டு செய்திகள்.

ஒவ்வொன்றும் ஒரு விதம்

எல்லா வைரசும் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

இளம்பிள்ளை வாதத்தைக் கொடுக்கும் போலியோ வைரசுக்குச் சுமார் 7,500 எழுத்துக்கள். அது சமையற்காரரிடம் ஒரே ஒரு நீளமான புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அந்தப் புரதத்துக்குள்ளேயே கத்தரிக்கோல் வேலை செய்யும் பகுதிகள் இருக்கின்றன. அவை அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன.

பெரியம்மை வைரசின் கடிதம், டி.என்.ஏ.யில் எழுதப்பட்டது. சுமார் 1,86,000 எழுத்துக்கள் கொண்ட பெரிய புத்தகம்! டி.என்.ஏ.யை நகல் எடுக்கும்போது பிழைகள் திருத்தப்படுகின்றன. ஆகவே பெரியம்மை அதிகம் மாறவில்லை. ஒரே தடுப்பு மருந்து காலமெல்லாம் பலித்தது. 1980ம் ஆண்டில், பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இன்புளூயன்சா இதற்கு நேர் எதிர். அதன் கடிதம் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. எழுத்தும் தலைகீழ், கண்ணாடியில் பார்த்தால்தான் புரியும் என்பது போல. சமையற்காரரால் அதை நேராகப் படிக்க முடியாது. ஆகவே அந்த வைரஸ், எழுத்தைத் திருப்பி எழுதும் புரதத்தைக் கையோடு கொண்டுவருகிறது. அப்படி எழுதும்போது விழும் பிழைகளைத் திருத்த ஆள் இல்லை. கிருமி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் தடுப்பு ஊசியைப் புதுப்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மனிதனைத் தாக்கும் இன்புளூயன்சாவும், பறவையைத் தாக்கும் இன்புளூயன்சாவும் ஒரே உயிரணுவில் நுழைந்துவிட்டால், துண்டுகள் சீட்டுக்கட்டு போலக் கலந்துவிடும். 1957ம் ஆண்டில் உலகம் முழுவதும் பரவிய விஷ ஜுரம் அப்படித்தான் பிறந்தது. எட்டுத் துண்டுகளில் மூன்று, பறவையிடமிருந்து வந்தவை. அந்த ஆண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் மூலம் அது இந்தியாவுக்குள் நுழைந்தது.

பெட்டிக்குள் புகுந்த திருடன்

மூலப் புத்தகத்திலிருந்து சீட்டு எழுதலாம். சீட்டிலிருந்து மூலப் புத்தகத்தில் எழுத முடியாது என்றுதான் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள்.

1970ம் ஆண்டில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியே ஒரு உண்மையைக் கண்டார்கள். சில வைரஸ்கள் தங்கள் ஆர்.என்.ஏ. சீட்டை டி.என்.ஏ.யாகத் திருப்பி எழுதுகின்றன! 1975ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சில ஆண்டுகளில், அப்படிப்பட்ட ஒரு வைரஸ் உலகையே நடுங்க வைத்தது. அதுதான் எய்ட்ஸ் நோயைக் கொடுக்கும் எச்.ஐ.வி.

இந்தியாவில் அது இருப்பது முதலில் தெரிந்தது, சென்னையில்தான். 1986ம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகளை வைக்கச் சரியான வசதி இல்லாமல், நிர்மலா தமது வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில், ஆறு பேருக்குக் கிருமி இருப்பது தெரிந்தது.

எச்.ஐ.வி. தன் கடிதத்தை டி.என்.ஏ.யாக மாற்றி, மனித உயிரணுவின் மூலப் புத்தகத்திலேயே ஒட்டிவிடுகிறது. அதன் பிறகு அது வீட்டுக்காரரின் சொந்தப் பக்கம் போல ஆகிவிடுகிறது. பல ஆண்டுகள் சும்மா கூட இருக்கும். அதனால்தான் இந்த நோயை அடியோடு நீக்குவது கடினம்.

ஆனால், கடிதம் எழுதும் முறை தெரிந்ததால், அதைத் தடுக்கவும் வழி பிறந்தது. 1987ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட "ஏ.இசட்.டி." என்ற மருந்து, ஒரு பொய் எழுத்து! பார்வைக்கு உண்மையான எழுத்து மாதிரியே இருக்கும். வைரஸ் ஏமாந்து அதைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால், அதற்குப் பின்னால் அடுத்த எழுத்தைச் சேர்க்க முடியாது. பின்பக்கக் கொக்கி இல்லாத ரயில் பெட்டியைப் போல! கடிதம் பாதியில் நின்றுவிடும்.

ஒரு மருந்து மட்டும் கொடுத்தால், கிருமி மாறித் தப்பித்துக்கொண்டது. 1996ம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அது பலித்தது. இந்தியாவில் 2004ம் ஆண்டு ஏப்ரல் முதல், அரசாங்கம் இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள். தாய் மருந்து சாப்பிட்டால், பிறக்கும் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது.

ஊசிக்குள் ஒரு கடிதம்

2020ம் ஆண்டு ஜனவரியில், கொரோனா வைரசின் கடிதத்தைச் சீன விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சுமார் 30,000 எழுத்துக்கள். அதைப் பார்த்ததும் உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் வேலையில் இறங்கின.

கொரோனாவின் உடம்பெல்லாம் முள் போன்ற புரதங்கள் உண்டு. அந்த முள்ளைச் செய்யச் சொல்லும் பகுதியை மட்டும் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். சிம்பன்சி குரங்குக்கு ஜலதோஷம் கொடுக்கும் வேறொரு வைரசை எடுத்து, அது பெருக முடியாதபடி செய்தார்கள். அந்த வைரசின் உறைக்குள் கொரோனாவின் முள் கடிதத்தை வைத்தார்கள்.

அதுதான் புனாவில் "கோவிஷீல்டு" என்ற பெயரில் தயாரான தடுப்பு ஊசி. 2021ம் ஆண்டு ஜனவரி 16ந் தேதி முதல், இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊசி மருந்து கையில் ஏறியதும், உயிரணுவின் சமையற்காரர் வழக்கம்போல் சீட்டைப் படித்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. முள்ளை மட்டும் செய்து கொடுத்தார். உடம்பின் காவல் படை அந்த முள்ளைப் பார்த்து, எதிரியின் அடையாளத்தைத் தெரிந்துகொண்டது. உண்மையான கொரோனா வந்தபோது எதிர்த்துப் போராடத் தயாராக இருந்தது.

ஒருவர் உறையில் இன்னொருவர் கடிதம்! 1957ம் ஆண்டில் கலிபோர்னியாவில் புகையிலை இலையின் மீது நடந்த சோதனையிலும் இதே வித்தைதான் நடந்தது. அன்று அது ஒரு கேள்விக்கு விடை சொன்னது. 2021ல் வரிசையில் நின்ற தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் தடுப்பு ஊசியாக வந்தது.

எதைப் படித்து நம் உயிரணு ஏமாந்ததோ, அதே எழுத்தைப் படித்துத்தான் மனிதன் தப்பிக்க வழி கண்டான்.